எத்தனை லீற்றர், எத்தனை பேர்?

வாசகர் கேள்வி–பதில். இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்ற கோப்பாய் ரீச்சர் பதில் சொல்கிறார்.

போன இதழில், ஒவ்வொரு ஊரும் தன் ஓட்டோக்களும் மினிபஸ்களும் விடுகிற பச்சைவீட்டு வாயுவைத் தானே கணக்குப் பார்க்கப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க அதே விஷயம். சமையல் சோடா பற்றிக் கேட்டவர்களும் கிணற்று நீர் பற்றிக் கேட்டவர்களும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக யாழ்ப்பாண மாவட்டத்து ஓட்டோக்கள் ஒரு வருடத்தில் வெளிவிடும் வாயுவைக் கணக்கிட்டேன். நாட்டில் 11 இலட்சத்துக்கு மேல் முச்சக்கர வண்டிகள் பதிவாகியிருக்கின்றன. அதைச் சனத்தொகைப்படி எங்கள் மாவட்டத்துக்குப் பிரித்து, ஒரு வண்டி நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துப் பெருக்கினேன். எங்கள் சேர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கே பிழை? வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்?
– உயர்தர மாணவி, சாவகச்சேரி

பிள்ளை, உங்கள் பெருக்கல் சரி. பெருக்கிய எண்கள்தான் சரியில்லை.

முதலில் அந்த 11 இலட்சம். அது இத்தனை வருடமாகப் பதிவான வண்டிகளின் மொத்தத் தொகை. பழுதாகி மூலையில் நிற்கிற வண்டி பதிவேட்டிலிருந்து தானாக நீங்காது. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று ஓட்டோக்கள் இருக்கின்றன. ஒன்று காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குத்தான் திரும்பும். இரண்டாவது ஒரு மேசன் தன் சாமானும் பிள்ளைகளும் ஏற்ற வைத்திருப்பது, ஹயருக்கே போகாது. மூன்றாவது நாலு வருடமாக வேலியோரம் நிற்கிறது, பின்சீற்றில் கோழி அடைகிடக்கிறது. பதிவேட்டில் மூன்றும் ஒன்றுதான். அந்த வருடத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுத்த வண்டிகள் எத்தனை என்று பிரதேச செயலகத்தில் கேட்டால், உண்மையில் றோட்டில் ஓடுகிறவற்றுக்கு இன்னும் கிட்டிய எண் கிடைக்கும்.

இரண்டாவது, அந்த 100 கிலோமீற்றர். அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேறொரு நகரத்துக்கு யாரோ பார்த்த எண்ணை எடுத்து எங்கள் ஊருக்குப் போடுவது இந்தத் துறையில் பெரியவர்களே செய்கிற பிழை. கொழும்பில் நாள் முழுக்க ஓடுகிற ஓட்டோவும், கொடிகாமம் சந்தியில் மூன்று ஹயருக்காகக் காத்திருக்கிற ஓட்டோவும் ஒன்றல்ல.

சரி, எப்படித் தொடங்குவது? லீற்றரிலிருந்து தொடங்குங்கள்.

பெற்றோல் ஒரு லீற்றர் ஏறக்குறைய 740 கிராம் நிறை. அதில் காபன் மட்டும் 630 கிராம் அளவில் வரும். எரியும்போது 12 பங்கு காபன், காற்றிலிருந்து 32 பங்கு ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்கு காபனீரொட்சைட்டாகிறது. 630ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் பிரியுங்கள். 2,300 கிராம், அதாவது 2.3 கிலோ. முக்கால் கிலோ பெற்றோல் எப்படி இரண்டே கால் கிலோ வாயுவாகும் என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். கூடிய நிறை காற்றின் நிறை, அவ்வளவுதான். டீசல் லீற்றருக்கு 2.7 கிலோ, மண்ணெண்ணெய்க்கு 2.5 கிலோ. இந்த எண்கள் நைரோபியிலும் நெல்லியடியிலும் ஒன்றே. வண்டி பழையதா புதியதா என்பதும் இவற்றைப் பெரிதாக மாற்றாது. அதனால்தான் எரிபொருளைக் கையில் பிடித்தால் காபனீரொட்சைட்டுக் கணக்கில் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள் என்கிறேன். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: காபனீரொட்சைட்டுக்கு எரிபொருளைப் பாருங்கள், மற்றப் பச்சைவீட்டு வாயுக்களான மெதேனுக்கும் நைதரசு ஒட்சைட்டுக்கும் வண்டியின் தொழில்நுட்பத்தையும் ஓடிய தூரத்தையும் பாருங்கள்.

ஆனால் ஒன்று. நாட்டில் விற்ற பெற்றோலின் தொகை அரசாங்கத்துக்குத் தெரியும். அதை 2.3ஆல் பெருக்கினால் நாட்டின் மொத்தம் வந்துவிடும். அதில் ஓட்டோ எரித்தது எவ்வளவு, மோட்டார் சைக்கிள் எரித்தது எவ்வளவு, தண்ணீர் இறைக்கிற மெசின் எரித்தது எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. பெற்றோல் செட்டில் துண்டு எழுதும்போது என்ன வண்டி என்று எழுதுவதில்லை. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) டிப்போவில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எத்தனை லீற்றர் அடித்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று புத்தகம் இருக்கும். ஓட்டோவுக்கும் தனியார் மினிபஸ்ஸுக்கும் பள்ளிக்கூட வானுக்கும் அந்தப் புத்தகம் ஒவ்வொரு சாரதியின் தலைக்குள்ளே இருக்கிறது. முறைசாராப் போக்குவரத்து என்று சொல்வது இதைத்தான். சட்டத்துக்குப் புறம்பானது என்று பொருள் இல்லை. ஒரே இடத்தில் கணக்கு இல்லாதது, அவ்வளவுதான்.

ஒரு காலம் அந்தக் கணக்கு நாட்டில் இருந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் கிடந்து அலைந்த பிறகு கியூஆர் அட்டை வந்ததே, அப்போது. தொடக்கத்தில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். ஒவ்வொரு வண்டியும் அடித்த எரிபொருள் வண்டி இலக்கத்தோடு பதிவானது. 2023 செப்ரெம்பரில் அந்த முறை நின்றது. அந்த வருடத்து ஓட்டம் வழமையான ஓட்டம் அல்ல என்பது உண்மை. என்றாலும் கணக்குப் பார்க்கிற எனக்கு அந்தப் பதிவு ஒரு பொக்கிசமாகத்தான் தெரிகிறது.

இனி உங்கள் வேலை. சாவகச்சேரி தரிப்பிடத்தில் பத்துச் சாரதிகளைப் பிடியுங்கள். ஆளுக்கொரு அப்பியாசக் கொப்பி கொடுங்கள். முதல் நாள் தாங்கியை வாய்வரை நிரப்பி, மீற்றரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு எப்போது அடித்தாலும் எத்தனை லீற்றர் என்று எழுதினால் போதும். மாத முடிவில் மறுபடி வாய்வரை நிரப்பி மீற்றரைப் பாருங்கள். இடையில் எழுதிய லீற்றர்களோடு கடைசியாக நிரப்பியதையும் கூட்டினால் அதுதான் எரிந்த தொகை. மீற்றர் வேலை செய்யாத ஓட்டோக்கள் நிறைய. அதற்குச் சாரதியின் ஃபோனில் தூரம் பதிகிற செயலி ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

நான் எங்கள் ஒழுங்கை ஓட்டோத் தம்பியைக் கொண்டு இதை ஒரு மாதம் செய்து பார்த்தேன். 96 லீற்றர், 2,304 கிலோமீற்றர். லீற்றருக்கு 24. வாயு 221 கிலோ; கிலோமீற்றருக்கு 96 கிராம். இதோடு நிறுத்தியிருந்தால் கணக்கு பாதியிலேயே நின்றிருக்கும். அவரிடம் ஒவ்வொரு ஹயருக்கும் எத்தனை பேர் ஏறினார்கள் என்றும் எழுதச் சொன்னேன். அதில்தான் எனக்குத் திகைப்பு. 2,304இல் 920 கிலோமீற்றர் வெறும் வண்டி. ஆளை இறக்கிவிட்டுத் தரிப்பிடத்துக்குத் திரும்புவதும், ஆளைத் தேடி வட்டமடிப்பதும் அவ்வளவு. ஆள் இருந்த 1,384 கிலோமீற்றரில் சராசரியாக 1.8 பேர். ஒருவரை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக 89 கிராம் ஆகிறது. வெறும் ஓட்டத்தை நூற்றுக்கு 40இலிருந்து 25 ஆக்கினால், வண்டியில் ஒரு ஆணியும் மாற்றாமல் அது 71 கிராமுக்கு இறங்கும். தம்பிக்குக் கையில் மிஞ்சுகிற காசு வேறு. கொப்பியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “ரீச்சர், இவ்வளவு சும்மா ஓடியிருக்கிறன் எண்டு எனக்கே தெரியாது.”

இது ஒரு வண்டியின் ஒரு மாதம். இதை வைத்து மாவட்டத்தைப் பேசக்கூடாது. பத்துப் பேரைத் தெரிவு செய்யும்போது எல்லோரும் பஸ் நிலையத்தடிச் சாரதிகளாக இருந்துவிடக்கூடாது. உள்ளூர்ச் சந்திக்காரர், பள்ளிப்பிள்ளை ஏற்றுபவர், தன் தேவைக்கு வைத்திருப்பவர் எல்லோரிலும் எடுங்கள். மாதத்தையும் யோசியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஓடுகிற ஓட்டம் வேறு, மார்கழி மழையில் ஓடுகிற ஓட்டம் வேறு. பாடசாலை விடுமுறை வந்தால் காலை ஓட்டம் அப்படியே விழுந்துவிடும். ஒரு மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்காமல், வருடத்தில் மூன்று நான்கு தடவை, காலம் பார்த்து எடுங்கள்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். கென்யாவின் நைரோபியில் மட்டாட்டு என்கிற மினிவான்கள்தான் சனத்தின் பஸ். அவை எந்த வழியால் ஓடுகின்றன என்பதற்கு ஒழுங்கான படமே இருக்கவில்லை. நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள் கைபேசியோடு ஏறி இறங்கி, 130க்கு மேற்பட்ட வழிகளைப் பதிந்தார்கள். கொலம்பியா, எம்ஐடி பல்கலைக்கழகங்களும் கூட நின்ற வேலை அது. 2014இல் படம் வெளிவந்தது. தென்னாபிரிக்காவின் ஸ்டெலென்பொஸ் பல்கலைக்கழகத்தில் மினிபஸ் டாக்சிகளின் ஜிபிஎஸ் பதிவை வைத்து, அவற்றை மின்சாரத்துக்கு மாற்றினால் எவ்வளவு மின் தேவைப்படும் என்று கணிக்கிறார்கள். பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஏறி இருந்து எழுத ஆள் வேண்டும், அவ்வளவே. நீங்கள் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்குப் போகிற பஸ்ஸிலேயே தொடங்கலாம்.

26 வருடமாக ஓட்டோ ஓட்டுகிறேன். போன மாதம் சில பிள்ளைகள் கொப்பியோடு வந்து எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு பெற்றோல் என்று கேட்டார்கள். வரி போடத்தான் என்று தரிப்பிடத்தில் கதை. நான் ஒன்றும் சொல்லவில்லை. வருடா வருடம் புகைச் சான்றிதழ் எடுக்கிறோம். அதற்குப் பிறகும் எங்களிடம் என்ன கணக்கு வேண்டிக் கிடக்கிறது?
– ஓட்டோச் சாரதி, கொடிகாமம்

தம்பி, உங்கள் பயம் நியாயமானது. எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து உங்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்ட அனுபவம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: பெயரும் வண்டி இலக்கமும் கொப்பியில் எழுதவே வேண்டாம். ஓட்டோ ஒன்று, ஓட்டோ இரண்டு என்று போடுங்கள். மாத முடிவில் அந்தக் கொப்பியை முதலில் சாரதிக்கே விளங்கப்படுத்துங்கள். லீற்றருக்கு எத்தனை ஓடியது, வெறும் ஓட்டம் எவ்வளவு, பக்கத்து வண்டியை விட உங்கள் வண்டி கூட எரிக்கிறதா என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். கூட எரித்தால் பிளக், காபரேட்டர், எயார் ஃபில்டர், ரயர்க் காற்று என்று பார்த்துக்கொண்டு போகலாம். காற்றுக் குறைந்த ரயர் பெற்றோல் குடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புகைச் சான்றிதழ் வேறு விஷயம். பெற்றோல் வண்டிக்கு அங்கே சித்தி, சித்தியில்லை என்று தீர்மானிப்பது அரைகுறையாக எரியும்போது வருகிற காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும். டீசலுக்குப் புகையின் கறுப்பு. அவை சுவாசிக்கிறவருக்குக் கேடு, ஆகவே அந்தச் சோதனை வேண்டியதுதான். காபனீரொட்சைட்டுக்கு அங்கே எல்லை இல்லை. நன்றாக எரிகிற இஞ்சினில் காபன் முழுவதும் காபனீரொட்சைட்டாகத்தான் வரும். நீங்கள் நல்ல சான்றிதழ் எடுத்த வண்டியை நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓட்டினால், சித்தியடையாத வண்டி 20 கிலோமீற்றர் ஓடி விடுவதை விடப் பல மடங்கு பச்சைவீட்டு வாயு வரும். ஓட்டத்தைச் சான்றிதழ் பார்க்காது. உங்கள் கொப்பிதான் பார்க்கும்.

என்ன பிரயோசனம் என்று கேட்டீர்கள். காலநிலைக்கு என்று வருகிற பணமும் திட்டமும் கணக்கு உள்ள இடத்துக்குத்தான் போகும். கணக்கு இல்லாத தொழிலுக்கு யாரோ ஒருவர் அறையில் இருந்து ஒரு எண்ணைப் போடுவார். அந்த எண் கூடினால் பழி உங்கள் மேல் விழும். குறைந்தால் திட்டத்தில் உங்கள் பெயரே இராது. நாளைக்கு மின் ஓட்டோவுக்குக் கடன் கொடுக்கிறோம், தரிப்பிடத்தைத் திருத்துகிறோம் என்று ஒரு கூட்டம் நடந்தால், கொடிகாமம் சங்கத்தின் கையில் பன்னிரண்டு கொப்பி இருப்பது எவ்வளவு பலம் என்று யோசியுங்கள். இதை உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன். என் அப்பாவும் ஹயர் கார் ஓட்டினவர்.

நெல்லியடியிலிருந்து தினம் மினிபஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வருகிறேன். முன்னால் போகிற பஸ் விடுகிற கரும்புகையில் சேலை கறுத்துவிடுகிறது. இந்தப் பழைய மினிபஸ்களை நிறுத்தினாலே வெளியேற்றம் பாதியாகும் என்கிறார் என் கணவர். சரியா ரீச்சர்?
– அலுவலக உத்தியோகத்தர், கரணவாய்

சரியில்லை, தங்கச்சி. ஆனால் உங்கள் சேலை சொல்வதும் பொய்யில்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

750ஆம் இலக்க வழியில் ஓடுகிற ஒரு பஸ்ஸில் நான் ஒரு நாள் முழுக்க இருந்தேன். சாரதியும் கொண்டக்டரும் அன்பாக இடம் தந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஒரு வழி 33 கிலோமீற்றர் அளவு. மூன்று தரம் போய் வந்ததில் 198. டீசல் 36 லீற்றர். வாயு 97 கிலோ. கிலோமீற்றருக்கு 491 கிராம், அதாவது ஓட்டோவை விட ஐந்து மடங்கு. இதோடு நிறுத்தினால் உங்கள் கணவர் வென்றார்.

ஆனால் நான் ஒவ்வொரு தரிப்பிலும் ஏறுகிறவர், இறங்குகிறவர் தொகையை எழுதிக்கொண்டே போனேன். கோப்பாய், நீர்வேலி, ஆவரங்கால் என்று நிரம்பி, வல்லைவெளி தாண்டும்போது கதவில் தொங்குகிறார்கள். மத்தியானம் எட்டுப் பேரோடும் போனது. தூரத்தோடு சேர்த்துப் பார்த்தால் நாள் முழுக்கச் சராசரி 24 பேர். ஒருவருக்குக் கிலோமீற்றருக்கு 20 கிராம் சொச்சம். லீற்றருக்கு 45 ஓடுகிற மோட்டார் சைக்கிளில் தனியே போனால் 51 கிராம். லீற்றருக்கு 12 ஓடுகிற காரில் தனியே போனால் 190க்கு மேல். மினிபஸ்ஸை நிறுத்தினால் அந்த 24 பேரும் வீட்டில் இருக்கப்போவதில்லை. அரைவாசிப் பேராவது மோட்டார் சைக்கிள் வாங்குவார்கள். வெளியேற்றம் பாதியாகாது, கூடும். அந்த மத்தியான ஓட்டத்தில் மட்டும் ஆளுக்கு 61 கிராம். மோட்டார் சைக்கிளை விடக் கூட. ஆகவே பஸ் நல்லது என்று சும்மா சொல்ல முடியாது, நிரம்பிய பஸ்தான் நல்லது. நேரத்துக்கு வருகிற பஸ்தான் நிரம்பும்.

ஒன்று இன்னும் கவனித்தேன். பஸ் நிலையத்தில் ஆள் சேருமட்டும் இஞ்சினை நிறுத்தாமல் நின்றோம். ஒவ்வொரு தரமும் பதினைந்து இருபது நிமிடம். அந்த டீசலுக்கு ஒரு மீற்றரும் நகரவில்லை. தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். காற்றும் அப்படித்தான். சோளகக் காலத்தில் பருத்தித்துறையிலிருந்து திரும்பி வரும்போது வல்லைவெளியில் எதிர்க்காற்று, வாடைக் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று. மிதிப்பு வித்தியாசம் காலுக்கே தெரியும் என்றார் சாரதி. மரம் மறைக்காத அந்த வெளியில் சைக்கிள் உழக்கின எவருக்கும் அது விளங்கும்.

இனி கரும்புகை. அது காபனீரொட்சைட்டு இல்லை. காபனீரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கறுப்பாகத் தெரிவது எரியாமல் வந்த கரித்தூள். அதுவும் பூமியைச் சூடாக்கும், சூரிய ஒளியைக் குடித்து. ஆனால் நாள் கணக்கில், கிழமைக் கணக்கில் வானத்தை விட்டு இறங்கிவிடும். காபனீரொட்சைட்டின் ஒரு பங்கு நூற்றாண்டுகளுக்கு நிற்கும். நாடுகள் கொடுக்கிற பச்சைவீட்டு வாயுக் கூட்டுத்தொகையில் கரித்தூள் சேராது, ஆகவே சாதாரண எண்களில் உங்கள் சேலைக் கறுப்பைக் காணமாட்டீர்கள். அதைத் தனியாக எழுத வேண்டும். அதற்கு மருந்து பஸ்ஸை நிறுத்துவதல்ல. டீசல் தெறிப்பானையும் (இன்ஜெக்டர்) பம்பையும் திருத்துவது. பழைய இரண்டு-ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கு அந்த மருந்தும் இல்லை. எண்ணெயும் பெற்றோலும் கலந்ததில் ஒரு பங்கு எரியாமலே வெளியே வருவது அதன் பிறவிக் குணம். 2008 முதல் அவற்றின் இறக்குமதி நின்றது நல்ல காரியம்.

இந்தப் பகுதியை இணையத்தில் விடாமல் படிக்கிறேன். தொண்ணூறுகளில் நாங்கள் மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோமே, அப்போது யாழ்ப்பாணம் எவ்வளவு வாயு விட்டிருக்கும் என்று ஒரு யோசனை.
– முன்னாள் யாழ்ப்பாணத்தவர், ரொரன்ரோ

அண்ணா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த மணம் வந்துவிட்டது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் போத்தல் கணக்கில் கிடைத்தது. அப்பா தன் ஏ-40 காரின் காபரேட்டருக்குள் சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோல் பீச்சிவிட்டு ஸ்ராட் எடுப்பார். இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும், கண் எரியும். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்றே ஒரு போத்தல் பெற்றோல் சாமியறையில் வைத்திருந்தார். அதை வேறு எதற்கும் தொடவிட்டதில்லை.

மண்ணெண்ணெய் லீற்றருக்கு 2.5 கிலோ காபனீரொட்சைட்டு, பெற்றோலை விடச் சற்றுக் கூட. பெற்றோலுக்கு என்று செய்த இஞ்சினில் அது ஒழுங்காக எரியாது, ஆகவே காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் நிறைய வந்திருக்கும். ஒரு வண்டிக்கு அது மோசமான வெளியேற்றம். ஊர் முழுக்க எடுத்தால் மிகச் சிறியது. ஏனென்றால் எல்லோரும் சைக்கிளில் போனோம். அந்தக் குறைவைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஓட முடியாமல் ஓடாதிருந்தோம். வெளியேற்றம் குறைந்ததா என்று மட்டும் கேட்கிற கணக்கு எனக்குப் போதாமல் இருப்பதற்கு அந்தக் காலம்தான் காரணம். எத்தனை பேர் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

உங்கள் கேள்வியில் கணக்குக்காரருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மண்ணெண்ணெய் என்றால் வீட்டு விளக்கும் அடுப்பும் என்றுதான் ஏட்டில் போடுவார்கள். வண்டியில் எரிந்தது வீட்டுக் கணக்கில் போய்விடும். பிற்காலத்தில், மண்ணெண்ணெய் டீசலை விட மலிவாக இருந்தபோது கலந்து ஓட்டினவர்களும் உண்டு. இதை விற்பனைத் தொகை காட்டாது, ஆட்களிடம் கேட்டால்தான் தெரியும். நீங்கள் அந்த நாளில் கிழமைக்கு எத்தனை போத்தல் எரித்தீர்கள், எங்கே போய் வந்தீர்கள் என்று நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள். நினைவு இருப்பவர்கள் எல்லோரும் அனுப்புங்கள், தனியாகச் சேர்த்து வைக்கிறேன்.

மின் ஓட்டோ வாங்கினால் வெளியேற்றம் பூச்சியம்தானே?
– சாரதி, சுன்னாகம்

வண்டியின் பின்பக்கத்தில் பூச்சியம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் மிச்சம் இருக்கிறது. நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் எரிகிறது. இரவில் வீட்டில் செருகினால் அதன் ஒரு பங்கு உங்கள் கணக்கில் வரும். பகலில், கூரையில் சூரியத்தகடு உள்ள இடத்தில் ஏற்றினால் மிகக் குறைவு. என்றாலும் மின் மோட்டார் நிற்கும்போது எரிக்காது, சந்திச் சந்தியாக நின்று நின்று போகிற ஓட்டோவுக்கு அது பெரிய இலாபம். வாங்குமுன் ஒரு மாதம் கொப்பி எழுதிப் பாருங்கள். நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று தெரியாமல் பற்றரி அளவைத் தெரிவு செய்ய வேண்டாம்.

லான்ட்மாஸ்டரில் வெங்காயமும் மரக்கறியும் ஏற்றித் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறேன். அதே மெசின்தான் தோட்டமும் உழுகிறது. இது போக்குவரத்தா, விவசாயமா?
– தோட்டக்காரர், புத்தூர்

நல்ல கேள்வி ஐயா. விதிப்படி, றோட்டில் எரித்த டீசல் போக்குவரத்துக் கணக்கு, தோட்டத்துக்குள் எரித்தது விவசாயக் கணக்கு. இரண்டும் ஒரே தாங்கியிலிருந்து வருவதால் மெசினைப் பார்த்துப் பிரிக்க முடியாது. நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: சந்தைக்குப் போகிற அன்று காலை தாங்கியை நிரப்புங்கள், திரும்பி வந்து மறுபடி நிரப்புங்கள். அந்த வித்தியாசம் றோட்டுக்கு. எத்தனை மூட்டை ஏற்றினீர்கள் என்பதையும், வரும்போது வெறுமையாக வந்தீர்களா, உரம் ஏற்றி வந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். நாலு சந்தை நாளுக்குப் போதும். கொப்பி இல்லையென்றால் கோப்பாய்க்கு ஆளனுப்புங்கள், என்னிடம் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.